மாதிரி ரயில் ஊரில் வாகனங்கள் ஓடுவது எப்படி? மலையகத்தில் கட்டுவோருக்கான கேள்வி பதில்

மாதிரி ரயில் என்றதும் பலருக்குத் தண்டவாளமும் எஞ்சினும்தான் ஞாபகம் வரும். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ரயில் என்பது ஸ்டேஷனோடு முடிவதில்லை. வெளியே வந்தால் பஸ், கொழுந்து லொறி, ஸ்கூல் வேன், வரிசையில் ஓட்டோ. ரயில் மட்டும் ஓடி, ரோட்டில் உள்ளதெல்லாம் ஒட்டி வைத்தபடி நின்றால் அந்த ஊர் நம் ஊர் மாதிரித் தெரியாது. மேசை மேல் ஒரு மலையக ஊரைக் கட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே இருக்கின்றன.

ரோட்டில் தண்டவாளம் இல்லை. ரிமோட்டும் இல்லை. பிறகு வண்டி எப்படி வளைவில் திரும்புகிறது?

ரோட்டுக்குள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி புதைந்திருக்கிறது. வண்டியின் முன் அச்சிலிருந்து ஒரு சிறிய நாக்கு முன்பக்கமாக நீண்டிருக்கும். அதன் நுனியில் காந்தம். கம்பி எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் காந்தம் போகும். நாக்கு அச்சோடு சேர்ந்திருப்பதால் முன் சக்கரங்களும் கூடவே திரும்பும். மூக்கணாங்கயிற்றைப் பக்கவாட்டில் பிடித்தால் மாட்டின் தலை திரும்பி, வண்டி பின்னால் வருகிறதே, அதே மாதிரி.

இங்கே பலர் குழம்புகிறார்கள். காந்தம் வண்டியை முன்னால் இழுப்பதில்லை, திசையை மட்டும்தான் காட்டுகிறது. வண்டியை ஓட்டுவது பின் சக்கரத்தோடு இணைந்த குட்டி மோட்டார். அதற்குச் சக்தி கொடுப்பது வண்டிக்குள் இருக்கும் சார்ஜ் செய்யக்கூடிய பற்றரி. கம்பியில் மின்சாரமே ஓடுவதில்லை. அதனால் கம்பி ஓரிரு இடத்தில் அறுந்து கிடந்தாலும் பெரிய பாதிப்பு வராது. கீழே ரயில் கடவை பற்றிய கேள்விக்கு வரும்போது இது எவ்வளவு உதவுகிறது என்று பார்ப்பீர்கள்.

இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஜெர்மனியின் ஃபாலர் நிறுவனம். 1989இல் ‘கார் சிஸ்டம்’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார்கள். அதே நிறுவனம் 1963இலேயே ரோட்டில் காடி வெட்டி, அதன் வழியாக மின்சாரம் எடுத்து ஓடும் கார்களைச் செய்தது. அவை ஓடின, ஆனால் காடியும் உலோகப் பட்டையும் கண்ணை உறுத்தும். கம்பியைப் புதைத்த பிறகுதான் ரோடு ரோடாகத் தெரிந்தது.

எந்தக் கம்பி வாங்குவது? வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். ஹார்ட்வெயார் கடையில் கொங்கிரீட் கம்பி கட்ட விற்கிற கட்டுக்கம்பி போதும். ஜிஐ கம்பி இன்னும் நல்லது, நாகம் பூசியிருப்பதால் சீக்கிரம் துருப்பிடிக்காது. பருமன் அரை மி.மீ.இலிருந்து ஒரு மி.மீ.க்குள் இருக்கட்டும். அலுமினியமும் செம்பும் காந்தத்துக்கு ஒட்டாது. பளபளவென்று இருக்கும் எவர்சில்வர் கம்பியிலும் பல வகை ஒட்டாது. கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள், அதுவே தீர்ப்புச் சொல்லிவிடும்.

கம்பியைவிட அதைப் பதிக்கும் விதம் முக்கியம். காந்தத்தின் இழுவை தூரம் கூடக் கூடச் சட்டென்று குறையும். கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு மி.மீ. கூடினாலே வளைவில் வண்டி ரோட்டை விட்டுப் போய்விடும். அதனால் பலகையில் கம்பியின் பருமனுக்குச் சரியாகக் காடி கீறி, கம்பியை மேல்மட்டத்துக்குச் சமமாக அழுத்தி, சுப்பர் குளூ வைத்து, மேலே மெல்லிய ஒரு பூச்சு மட்டும் கொடுத்துத் தேய்த்துவிடுங்கள். பூச்சு தடித்தால் கம்பி இருந்தும் பயனில்லை. கம்பியில் முறுக்கோ முடிச்சோ இருந்தால் வண்டி அந்த இடத்தில் தலையாட்டும். ஒரு முனையைக் குறட்டில் பிடித்து, மறுமுனையை நன்றாக இழுத்து நேராக்கிய பிறகே பதியுங்கள்.

எந்த அளவில் கட்டுவது நல்லது?

எச்ஓ, அதாவது 87இல் ஒரு பங்கு. இந்த அளவில்தான் ஓடும் வாகனங்களுக்கான சாமான்கள் அதிகம் கிடைக்கின்றன. 11 மீட்டர் நீள பஸ் 12.6 செ.மீ. ஆகும், அகலம் 2.8 செ.மீ. அதற்குள் மோட்டாரும் பற்றரியும் வைக்க இடம் இருக்கிறது. 160இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவிலும் ஓடும் லொறி, பஸ்கள் இருக்கின்றன, ஆனால் சொந்தமாகச் செய்யத் தொடங்குபவருக்கு அது விரலுக்கும் கண்ணுக்கும் சோதனை.

நம் ரயில்பாதை அகலப் பாதை, 1,676 மி.மீ. எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ.; அது 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் பாதையை அளவு பிசகாமல் செய்தால் 19 மி.மீ.க்கு மேல் வரவேண்டும். அப்படித் தண்டவாளம் கடையில் கிடைக்காது. 16.5லேயே போட்டு, பக்கத்தில் உள்ள ரோடு, ஸ்டேஷன், லயம் எல்லாவற்றையும் 87இல் ஒன்றாகச் செய்யுங்கள். பார்ப்பவர் கண் தண்டவாளத்தை அளப்பதில்லை.

மோட்டாரும் பற்றரியும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் வேகத்தைத் தீர்மானியுங்கள். புதிதாகச் செய்பவர்களின் வண்டிகள் எல்லாம் பேய் வேகத்தில் ஓடுகின்றன, அதில் உண்மைத்தன்மையே போய்விடுகிறது. மலை ரோட்டில் ஏறும் பஸ் மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 87ஆல் வகுத்தால் விநாடிக்கு 8 செ.மீ. இரண்டு மீட்டர் மேசையைக் கடக்க 25 விநாடி. கொஞ்சம் மெதுவாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி.

பஸ்ஸின் சக்கரம் இந்த அளவில் 11 அல்லது 12 மி.மீ. விட்டம் வரும். விநாடிக்கு 8 செ.மீ. ஓட, நிமிடத்துக்கு 130 சுற்றுக்குப் பக்கம் தேவை. ‘என்20’ (N20) என்று விற்கும் கியர் மோட்டாரில் 6 வோல்ட்டுக்கு 200 சுற்று என்று போட்டிருப்பதை வாங்கி, 3.7 வோல்ட் பற்றரியில் ஓட்டினால் ஏறத்தாழ அந்த வேகம் கிடைக்கும். மோட்டாரின் உடல் 12க்கு 10 மி.மீ. என்பதால் பஸ்ஸுக்குள்ளும் லொறிக்குள்ளும் அடங்கும்.

பற்றரிக்கு 150 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள சிறிய லித்தியம் பாலிமர் போதும். சார்ஜ் செய்ய டிபி4056 பலகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதை வாங்கியபடியே பயன்படுத்தாதீர்கள். அது 1 ஆம்பியர் கொடுக்கும்படி வருகிறது. இவ்வளவு சிறிய பற்றரி அதைத் தாங்காது. சூடேறி வீங்கும், தீப்பிடிக்கவும் கூடும். பலகையில் உள்ள 1.2 கிலோ ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போட்டால் மின்னோட்டம் 130 மில்லி ஆம்பியருக்கு இறங்கும். சோல்டர் பிடிக்கத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு இதைச் செய்துகொள்ளுங்கள். பற்றரியைப் பின் அச்சுக்கு மேலே வையுங்கள், அந்தப் பாரம் சக்கரத்துக்குப் பிடிமானம் தரும்.

நம் ரோடு முழுக்க ஏற்றமும் வளைவும். வண்டி ஏறுமா?

ஏறும், கணக்காகக் கட்டினால். ஒரு மீட்டருக்கு 5 செ.மீ. உயர்வு என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் டயர் வழுக்கும், அல்லது ஏற்றத்தில் ஊர்ந்து இறக்கத்தில் பாயும். ஏற்றம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் சட்டென்று மடியக் கூடாது. மடிந்தால் மேட்டின் உச்சியில் காந்தம் ரோட்டை விட்டு மேலே எழும்பும்; அந்த நொடியில் வண்டிக்கு வழி தெரியாது. பலகையை மெதுவாக வளைத்து, ஒரு சாண் நீளத்துக்காவது படிப்படியாக ஏற விடுங்கள்.

கொண்டை ஊசி வளைவுதான் நம் ரோட்டின் அடையாளம். இறம்பொடைப் பக்கம் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளைவின் ஆரை 15 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள், அது உண்மையில் 13 மீட்டர் ஆரைக்குச் சமம். அத்தோடு, நீளமான வண்டியின் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உண்மையான பஸ்ஸும் அப்படித்தானே, அதனால்தானே டிரைவர் எதிர்ப்பக்கம் அகலமாக எடுத்துத் திருப்புகிறார். ஆகவே வளைவில் கம்பியை அதன் தடத்தின் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பதியுங்கள், ரோட்டையும் அங்கே அகலமாக்குங்கள். இல்லாவிட்டால் பின் சக்கரம் மதகுச் சுவரில் உரசும். ஒரு பழைய அட்டையில் கம்பியைத் தற்காலிகமாக ஒட்டி, உங்கள் மிக நீளமான வண்டியை ஓடவிட்டு, பின் சக்கரம் போகும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகு பலகையை வெட்டினால் வீண்செலவு இல்லை.

ரோடு ரயிலுக்கு மேலே போகும் பாலம் வேண்டுமானால் ரயிலுக்கு 7 செ.மீ. உயரம் விட வேண்டும், பலகையின் தடிப்பையும் சேர்த்தால் 8.5. ரோட்டை மட்டும் ஏற்றினால் 1.7 மீட்டர் நீளம் தேவைப்படும். ரோடு ஏறும் அதே இடத்தில் ரயில் இறங்கினால் குறையும். நம் மலைப்பாதையின் கடும் ஏற்றம் 44க்கு 1, மீட்டருக்கு 2.3 செ.மீ. இரண்டையும் சேர்த்தால் 1.2 மீட்டருக்குள் பாலம் முடிந்துவிடும். தெமோதரையில் பாதை வட்டம் போட்டுத் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகைக்குள் நுழைகிறதல்லவா? அதே 44க்கு 1 ஏற்றத்தில், 60 செ.மீ. ஆரை வட்டம் ஒரு சுற்றில் ஏறக்குறைய இதே 8.5 செ.மீ. உயர்கிறது. மேசையில் தெமோதரையைக் கட்ட முடியும் என்று இந்தக் கணக்கே சொல்கிறது. கட்டுங்கள், யாராவது கட்டியே ஆக வேண்டும்.

பஸ் ஹோல்ட்டில் பஸ் எப்படி நிற்கிறது?

என் பார்வையில் ஓட வைப்பதைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். நிற்காத வண்டி வட்டமடிக்கும் பொம்மை. ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் பஸ்ஸைப் பார்த்தால்தான் ஊர் என்று மனம் நம்புகிறது.

வண்டிக்குள், பற்றரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ரீட் சுவிட்ச் என்ற ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். மூன்று கால் உள்ளதை வாங்கி, சும்மா இருக்கும்போது இணைந்திருக்கும் இரண்டு கால்களைப் பயன்படுத்துங்கள். காந்தம் பக்கத்தில் வந்தால் அந்த இணைப்புப் பிரிந்து மோட்டார் நின்றுவிடும், காந்தம் விலகினால் மறுபடி ஓடும். ரோட்டுக்கு அடியில் அந்த இடத்தில் ஒரு மின்காந்தம் வைத்தால் சரி. மின்சாரம் கொடுத்தால் வண்டி நிற்கும், நிறுத்தினால் கிளம்பும். வண்டியின் சொந்த முன் காந்தம் ரீட் சுவிட்சைத் தொந்தரவு செய்யாதபடி அதைப் பின்னால் தள்ளி வையுங்கள்.

மின்காந்தச் சுருள் நேரம் போகப் போகச் சூடாகும், மின்சாரமும் தின்னும். அதைவிட எனக்குப் பிடித்த வழி, பலகைக்கு அடியில் ஒரு சின்ன சர்வோ மோட்டாரின் (சொன்ன கோணத்துக்குக் கையைத் திருப்பி நிறுத்தும் மோட்டார்) கையில் சாதாரணக் காந்தத்தை ஒட்டுவது. கை மேலே வந்தால் பஸ் நிற்கும், கீழே போனால் புறப்படும். ஆர்டுயினோ என்ற, புரோகிராம் எழுதி இயக்கும் குட்டிக் கணினிப் பலகை ஒன்று இருந்தால் நிற்கும் நேரத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றி வைக்கலாம், ஒரு முறை 5 விநாடி, அடுத்த முறை 14. எல்லாத் தடவையும் ஒரே நேரம் நின்றால் பார்ப்பவருக்கு இயந்திரம் என்று தெரிந்துவிடும்.

முன்னால் நிற்கும் வண்டியில் பின்னால் வருவது மோதாதா?

எளிய அமைப்பில் மோதும். ஒரு ரோட்டில் ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு வண்டிகளை மட்டும் விட்டு, ஹோல்ட்டுக்கு முன்னால் இன்னொரு நிறுத்தும் இடம் வைத்தால் சமாளிக்கலாம். பஸ் நிற்கும்போது பின்னால் உள்ள இடமும் ‘நில்’ என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரோட்டில் பதித்த ரீட் சுவிட்சுகள் வண்டியின் முன் காந்தத்தை உணர்ந்து, எது எங்கே வந்தது என்று சொல்லும்.

அடுத்த படி அகச்சிவப்பு. டிசி கார் என்ற ஜெர்மன் முறையில் ஒவ்வொரு வண்டியின் பின்புறமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விடுகிறது. பின்னால் வரும் வண்டியின் முகப்பில் உள்ள உணரி அதைக் கண்டு வேகத்தைக் குறைத்து நிற்கிறது. சிக்னல் விளக்கும் பிரேக் விளக்கும்கூட இதில் வேலை செய்யும்.

ரயில் கடவையில் என்ன செய்வது? கம்பி தண்டவாளத்தில் பட்டால்?

பட்டால் ஷோர்ட் ஆகும். இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் இருக்கிறது, இரும்புக் கம்பி குறுக்கே கிடந்தால் இரண்டையும் இணைத்துவிடும். அதனால் தண்டவாளத்துக்கு இரண்டு மி.மீ. முன்னாலேயே கம்பியை வெட்டிவிட்டு, அப்பால் மறுபடி தொடங்குங்கள். இடையில் உள்ள இரண்டு செ.மீ. தூரத்தை வண்டி நேராகவே கடந்துவிடும். அதற்காக ரோடு அங்கே நேராகவும் தண்டவாளத்துக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். வளைவில் கடவை வைக்காதீர்கள்.

தண்டவாளம் எந்த உலோகம் என்று பாருங்கள். இப்போது வரும் நல்ல தண்டவாளம் நிக்கல் சில்வர், அது காந்தத்தை இழுக்காது. பழைய மலிவான செட்டுகளில் இரும்புத் தண்டவாளம் இருக்கும். வண்டியின் காந்தம் அதைப் பிடித்துக்கொண்டு ரயில் பாதையிலேயே திரும்பப் பார்க்கும்.

கேட்டை ஒழுங்குபடுத்துவது இன்பமான வேலை. கடவைக்கு ஒரு மீட்டர் முன்னால் தண்டவாளத்துக்கு இடையே ஒரு ரீட் சுவிட்ச், எஞ்சினின் அடியில் ஒரு காந்தம். மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் வரும் ரயில் அந்த ஒரு மீட்டரைக் கடக்கப் பத்து விநாடி எடுக்கும். ரயிலை உணர்ந்ததும் முதலில் ரோட்டின் இரண்டு பக்கமும் ‘நில்’, சிவப்பு விளக்கு. ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட பஸ் வெளியேற நாலு விநாடி. அதன் பிறகே சர்வோ கேட்டை இறக்கட்டும். ரயிலின் கடைசிப் பெட்டியிலும் ஒரு காந்தம் வைத்து, அது அப்பால் உள்ள சுவிட்சைத் தாண்டியதும் கேட்டை ஏற்றி, பிறகு வண்டிகளை விடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மின்காந்தம் பயன்படுத்தினால் அதன் குறுக்கே ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் உறுப்பு) போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சுருளை அணைக்கும்போது எழும் மின்னழுத்தம் ஆர்டுயினோவைக் கெடுத்துவிடும்.

ஓட்டோ ஓட வைக்க முடியுமா?

ஓட்டோ இல்லாத மலையக டவுனா! ஆனால் எச்ஓவில் ஓட்டோ 3 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலம்தான். மோட்டாரும் பற்றரியும் போடக் கஷ்டம். இங்கே வேறு முறைக்குப் போக வேண்டும். நெதர்லாந்தின் மேக்னோரெயில் அமைப்பில் ரோட்டுக்கு அடியில் ஒரு சங்கிலி ஓடுகிறது, அதில் காந்தங்கள். மேலே உள்ள வண்டியின் அடியிலும் காந்தம். சங்கிலி எங்கே போனாலும் வண்டி கூடவே இழுபட்டுப் போகும். சைக்கிள் ஓட்டும் மனிதர்களைக்கூட இதில் ஓட வைக்கிறார்கள். வண்டிக்குள் எதுவும் தேவையில்லை என்பதால் ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே பொருத்தம். குறை ஒன்றுதான், சங்கிலி நின்றால் எல்லா வண்டியும் ஒன்றாக நிற்கும். தனித்தனியே நிறுத்த முடியாது. ஸ்டேஷன் முன்னாலிருந்து கோயில் வரை ஒரு சின்னச் சுற்று மட்டும் இப்படிச் செய்து, பெரிய ரோட்டைக் கம்பியில் விடலாம்.

ஜெர்மன் செட்டை அப்படியே வாங்கிப் போடலாமா?

கையில் சல்லி இருந்தால் வாங்கலாம், ஓட்டம் மிக நயமாக இருக்கும். ஆனால் அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, பஸ்ஸின் கதவும் வலப்பக்கம். நாம் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். கம்பிக்கு இடம் வலம் தெரியாது, எப்படிப் பதித்தாலும் ஓடும். ஆனால் படத்தில் உள்ளபடி அமைத்தால் பஸ் ஹோல்ட் தப்பான பக்கம் வரும், ஆட்கள் கதவில்லாத பக்கம் காத்திருப்பார்கள். திட்டத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டிக்கொள்ளுங்கள். அடிச்சட்டத்தை மட்டும் வாங்கி, மேலே நம் பஸ்ஸின் உடலை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் செய்து போடுவதுதான் என் யோசனை.

ஹம்பர்க்கில் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றனவாமே?

ஆமாம். ஜெர்மனியின் ஹம்பர்க்கில் ஃப்ரெடரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001இல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்டில் இதைக் காணலாம். உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் என்று கின்னஸில் இடம்பெற்றது. அங்கேயும் அடிப்படை அதே கம்பி, அதே காந்தம். வித்தியாசம் கணினியில். ஒவ்வொரு வண்டியும் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியும், பற்றரி குறைந்தால் வண்டி தானாகவே சார்ஜ் ஏற்றப் போய்விடும். க்னுஃபிங்கன் என்ற கற்பனை ஊரில் தீப்பற்றினால் தீயணைப்பு வண்டிகள் விளக்கெரிய விரைகின்றன. 2011இல் அங்கே விமான நிலையமும் திறந்தார்கள்.

நுவரெலியாப் பக்கக் குளிர், ஈரத்தில் இது தாங்குமா?

பலகை எம்டிஎஃப், அதாவது மர நாரை அழுத்திச் செய்தது என்றால் தாங்காது. ஈரம் குடித்து ஊதி, கம்பியை மேலே தள்ளிவிடும். ப்ளைவுட் வாங்கி, இரண்டு பக்கமும் ஓரமும் எனாமல் பெயின்ட் அடியுங்கள். மலைக்கு ரிஜிபோம் வெட்டி ஒட்டலாம், அதற்கு ஈரம் ஒரு பொருட்டில்லை. கம்பி துருப்பிடித்தால் ரோட்டில் பழுப்புக் கோடு தெரியும், அதனால் பதிக்கும் முன் கம்பிக்கும் ஒரு பூச்சுக் கொடுங்கள். மழைக்காலத்தில் பற்றரிகளை வண்டியிலிருந்து கழற்றி, பாதி சார்ஜில், மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். காந்தம், மின்சாரம், கியர், விகிதம் எல்லாம் கையால் தொட்டுப் படிக்கக் கிடைக்கும் பாடம் இதைவிட வேறில்லை. ஸ்கூல் கண்காட்சிக்கு ஒரு பஸ், ஒரு ஹோல்ட், ஒரு கடவை இருந்தால் போதும். லயத்தையும் கொழுந்து மடுவத்தையும் பிள்ளைகளே அட்டையில் செய்வார்கள், நம்மைவிடச் சரியாகவும் செய்வார்கள்.

ஆனால் சின்னஞ்சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நியோடிமியம் என்ற வலுவான வகைக் காந்தங்களைப் பூட்டி வையுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குடலைத் துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், காத்திருந்து பார்க்க வேண்டாம். பற்றரி சார்ஜ் ஆகும்போது பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும், இரவு தூங்கப் போகும்போது சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். காந்தங்களை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு, வேலை முடிந்ததும் பிள்ளைகளையே மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.